ஜன்னல் ஓரத்துப் பிரிண்டர்

எனக்குக் கோபம் சட்டென்று வரும். கல்லூரியில் என்னைப் பார்க்க வருகிறவர்கள், வாசலில் உட்கார்ந்திருக்கும் அட்டெண்டர் அண்ணனிடம் "மேடம் மூடு எப்படி?" என்று விசாரித்துவிட்டுத்தான் கதவைத் தட்டுவார்கள். தாம்பரம் பக்கத்தில் ஒரு கல்லூரியின் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்வது என் வேலை. நெட் நன்றாக வரும் நாளில் என்னை ஒருத்தருக்கும் ஞாபகம் இருக்காது. நின்றுபோன நாளில் என்னைத் திட்டாத வாய் இருக்காது. இப்படி ஒரு வேலையில் இருந்துகொண்டு கோபம் வராமல் இருந்தால்தான் அதிசயம்.

அந்த வருஷம் வளாகம் முழுக்க வயர்லெஸ் பிரிண்டிங் வந்தாக வேண்டும் என்று மேலிடத்தில் முடிவானது. யார் வேண்டுமானாலும் தன் லேப்டாப்பிலோ போனிலோ இருந்தபடி, பக்கத்தில் இருக்கும் பிரிண்டரைத் தேர்ந்தெடுத்துத் தாளை அனுப்பலாம். வயர் வேண்டாம், பென்டிரைவ் வேண்டாம். சொல்வதற்கு இவ்வளவுதான். "வீட்ல பிரிண்டர் வாங்கி வெச்சதும் போன்ல தானா பேர் வந்துடுச்சே மேடம், இங்க ஏன் வரல?" என்று ஆளுக்கு ஆள் கேட்டார்கள். கேட்டவர்களில் பாதிப் பேர் முகம் சுருங்கித்தான் திரும்பிப் போனார்கள்.

ஒருவர் மட்டும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. தமிழ்த் துறையில் பேராசிரியர், என் வயதுதான் இருக்கும். அவருக்குப் பிறவியிலிருந்தே கண் தெரியாது. பெரும்பாக்கம் பக்கம் வீடு, தினமும் பஸ்ஸில் வந்து போவார். திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் மென்பொருள் அவர் லேப்டாப்பில் உண்டு. ஒற்றை இயர்போனை மாட்டிக்கொண்டு அவர் வேலை செய்வதைப் பார்த்திருக்கிறேன். ஒருமுறை ஆசைக்கு நானும் வாங்கிக் கேட்டேன். அது வாசிக்கிற வேகத்தில் எனக்கு ஒரு வார்த்தைகூடப் பிடிபடவில்லை.

"இன்டர்னல் எக்ஸாமுக்கு முன்னாடி இந்த வயர்லெஸ் வந்துடுமா மேடம்?" என்று கேட்டார்.

"வரும்போது வரும் சார். அப்படி என்ன அவசரம்?"

அவர் நிதானமாகச் சொன்னார். கேள்வித்தாளை அவரே டைப் செய்துவிடுவார். அதற்குப் பிறகுதான் தொல்லை. பென்டிரைவில் போட்டு, அந்த நேரத்துக்குச் சும்மா இருக்கும் யாரிடமாவது கொடுக்க வேண்டும். அவர்கள் திறந்து, பார்த்து, பிரிண்ட் எடுத்துத் தருவார்கள். சிலர் நல்ல மனதோடு கேள்வியைத் 'திருத்தி'யும் வைப்பார்கள். ஒருவர், பிள்ளைகளுக்குக் கஷ்டமாக இருக்குமே என்று ஒரு கேள்வியையே தூக்கிவிட்டிருக்கிறார். போன செமஸ்டரில் இரண்டு கேள்விகள் முன்கூட்டியே வெளியே போய்விட்டதாக ஒரு பேச்சு கிளம்பியது. எதுவும் நிரூபணமாகவில்லை. எத்தனை கை மாறிய தாள், யாரைக் கேட்பது? துறைத் தலைவர் அவரைக் கூப்பிட்டு, "உங்களுக்கு எதுக்கு சார் சிரமம்? இனிமே வேற யாராவது கொஸ்டின் பேப்பர் எடுக்கட்டும்" என்றிருக்கிறார்.

"சிரமம் சிரமம்னு சொல்லித்தான் மேடம் ஒவ்வொண்ணா எடுத்துக்கறாங்க" என்றார் அவர்.

கெஞ்சிக் கேட்டு ஒரே ஒரு வாய்ப்பு வாங்கியிருந்தார். இந்த முறை கேள்வித்தாளை அவரே எடுத்து, அவரே பிரிண்ட் போட்டு, உறையில் ஒட்டிக் கொடுப்பார். வேறு கை படாது. இதில் ஏதாவது கோளாறு வந்தால் அதற்கப்புறம் கேள்வித்தாள் அவர் பொறுப்பில் இருக்காது.

"அதுக்கு வயர்லெஸ் எதுக்கு சார்? ஒரு கேபிள் போட்டுத் தர்றேனே" என்றேன்.

"பிரிண்டர் டைப்பிஸ்ட் மேஜைக்குப் பின்னாடி கீது... இருக்கு." அட்டெண்டர் அண்ணனோடு பழகிப் பழகி அவர் வாயிலும் அந்தப் பாஷை வந்து ஒட்டிக்கொள்ளும். "நான் கேபிளைத் தேடறதுக்குள்ள யாராவது ஓடி வந்து சொருகிடுவாங்க. சொருகிட்டு அங்கயே நிப்பாங்க. உதவிக்கு வர்றவங்கதான் மேடம் என் பிரச்சினையே."

அன்றைக்கும் எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர்மேல் இல்லை. இன்டர்னல் எக்ஸாமுக்கு முன்னால் முடித்தே தீருவது என்று முடிவு செய்தேன்.

வேலையில் இருந்த முடிச்சு இதுதான். வீட்டுப் பிரிண்டர் "நான் இங்கே இருக்கிறேன்" என்று ஓயாமல் கூவிக்கொண்டிருக்கும். வீட்டில் இருக்கும் போன் அதைக் கேட்டுக்கொள்ளும். கல்லூரியிலோ நெட்வொர்க்கைப் பாதுகாப்புக்காகத் தெருத் தெருவாகப் பிரித்து வைத்திருக்கிறோம். மாணவர்களுக்கு ஒரு தெரு, ஆசிரியர்களுக்கு ஒரு தெரு, பிரிண்டர்களுக்குத் தனியாக ஒரு தெரு. ஒரு தெருவில் கூவுவது அடுத்த தெருவுக்குக் கேட்காது. பிரிண்டர்களின் கூவலை எல்லாத் தெருவுக்கும் திறந்துவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். வளாகத்தில் இருக்கும் அத்தனை பெட்டியும் ஒரே நேரத்தில் கத்த ஆரம்பித்தால் மற்ற வேலை எதுவும் ஓடாது.

செம்பாக்கத்தில் எங்கள் தெருவுக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் கோவளத்திலிருந்து மீன்கார அக்கா வருவார். ஐஸ் பெட்டி கட்டிய மொபெட்டில் வந்து, "வஞ்சரம், சங்கரா, நெத்திலி" என்று ஒரு குரல் கொடுப்பார். எங்கள் தெரு முழுக்கக் கேட்கும். பின்தெருவுக்குக் கேட்காது. பின்தெருக்காரர்கள் ஓடி வருவதற்குள் நல்ல மீன் எல்லாம் போய்விடும். அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இருந்ததில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா குரலே கொடுக்காமல் ஏரிக்கரை மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். ஆனால் பின்தெருவே அங்கே நின்றது.

"இன்னா அக்கா, சத்தமே காணோம்?" என்றேன் அவர் பாஷையிலேயே.

"எத்தினி தெருவுக்கும்மா கத்திகினு சுத்தறது? தொண்டை கிழியுது பாரு. முக்கு பால் கடைல சொல்லி வெச்சிட்டேன். யார் வந்து கேட்டாலும், மரத்தாண்ட குந்திகினு கீறேன்னு அவரு சொல்லிடுவாரு. காலைல பால் வாங்காத வூடு எது சொல்லு?"

டிஎன்எஸ் என்று எங்கள் தொழிலில் ஒன்று இருக்கிறது. ஒரு பெயரைக் கொடுத்தால் அது எங்கே இருக்கிறது என்று சொல்லும். எந்தத் தெருவில் இருக்கும் போனும் லேப்டாப்பும் எதற்கெடுத்தாலும் அதைத்தான் போய்க் கேட்கும். பால் கடை அதுதான். பிரிண்டர்களைக் கூவ விடாமல், அவற்றின் விவரத்தை டிஎன்எஸ்ஸில் எழுதி வைத்துவிட்டால் போதும். இந்த முறையைப் பற்றி நான் படித்துத்தான் வைத்திருந்தேன், ஆனால் செய்யத் தயங்கிக்கொண்டிருந்தேன். அரைக் கிலோ சங்கராவோடு வீட்டுக்கு வரும்போது தயக்கம் போயிருந்தது.

மறுநாள் உட்கார்ந்தேன். "இங்கே என்னென்ன பிரிண்டர் இருக்கிறது" என்று கேட்டால் பெயர்களைச் சொல்ல ஒரு வரி. ஒவ்வொரு பெயருக்கும் அந்த இயந்திரம் எந்த நெட்வொர்க் முகவரியில் இருக்கிறது என்று சொல்ல ஒரு வரி. அதற்குக் கலர் உண்டா, இரண்டு பக்கமும் அடிக்குமா என்று சொல்ல இன்னொரு வரி. எழுதி முடித்துப் பார்த்தால் பாதி வளாகத்துக்குத் தெரிகிறது, பாதிக்குத் தெரியவில்லை. இந்த வரிகள் இருக்கும் கோப்பைத் திருத்தினால் அதன் தலையில் இருக்கும் எண்ணை ஒன்று கூட்ட வேண்டும், அப்போதுதான் மீதிப் பாதி வளாகத்துக்குப் பதில் சொல்லும் இன்னொரு சர்வர் புதுக் கோப்பை எடுத்துக்கொள்ளும். அதை மறந்திருக்கிறேன். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களை இதே தப்புக்காக எத்தனை வறுத்திருக்கிறேன்! அறையில் யாரும் இல்லாததால் பிழைத்தேன்.

பெயர் வைப்பதில்தான் உண்மையான சந்தோஷம். முதலில் என் வழக்கப்படி துறையின் முதல் எழுத்து, மாடல், எண் என்று ஒரு பெயர் வைத்தேன். பேராசிரியரை அழைத்துக் கேட்கச் சொன்னேன். இயர்போனைக் கழற்றி எனக்கும் கேட்கும்படி வைத்தார். அந்தக் குரல் ஒவ்வோர் எழுத்தாகத் துப்பியது. இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். இந்த முறையில் பெயரைத் தமிழிலேயே வைக்கலாம், நடுவில் இடம் விடலாம். பிரிண்டர் எங்கே இருக்கிறதோ அதையே பெயராக்கினேன். நூலகம் வாசல் பக்கம். ஆபீஸ் மாடிப்படி கீழே. அவருடையது தமிழ்த் துறை ஜன்னல் ஓரம். டைப்பிஸ்ட் மேஜைக்குப் பின்னால் இருந்ததை அட்டெண்டர் அண்ணனை விட்டு ஜன்னல் ஓரத்துக்கு நகர்த்தியாயிற்று. ஒவ்வொரு பிரிண்டரின் முதுகிலும் பெயரையும் முகவரியையும் ஸ்டிக்கரில் ஒட்டினேன். அவர் தன் மேஜையிலிருந்து அனுப்பினார். ஜன்னல் ஓரத்தில் பிரிண்டர் ஒரு செருமல் செருமிவிட்டுத் தாளைத் தள்ளியது. பூஜை விடுமுறை முடிந்து வந்ததும் கேள்வித்தாளை அடித்துவிடலாம் என்றார்.

ஆயுத பூஜைக்கு எங்கள் கல்லூரியில் ஒரு வழக்கம். தூக்க முடிந்த இயந்திரம் எல்லாம் ஆபீஸ் ஹாலுக்கு வந்துவிடும். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பூஜை, ஒரே ஐயர், ஒரே பூசணிக்காய். பிரிண்டர், புரொஜெக்டர், தையல் மெஷின், தோட்டக்காரரின் புல் வெட்டும் மெஷின் வரை வரிசையாக உட்கார்ந்து பொட்டு வைத்துக்கொள்ளும். என் சர்வர்களை நகர்த்த முடியாது என்பதால் அலமாரிக் கதவில் நானே சந்தனமும் குங்குமமும் வைத்தேன். பிரிண்டர்களை நன்றாகத் துடைக்கச் சொன்னதும் நான்தான். தூசி மாதிரி அதற்கு எமன் வேறு இல்லை. சுண்டலும் பொரியும் வாங்கிக்கொண்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனேன்.

விடுமுறை முடிந்து வந்த காலையில் பேராசிரியர் போன் செய்தார். "ஒரு தடவை பக்கத்துல இருங்க மேடம். அப்புறம் நான் பாத்துக்கறேன்." போனேன். டைப்பிஸ்ட் இன்னும் ஊரிலிருந்து திரும்பவில்லை, அறையில் நாங்கள் இரண்டு பேர்தான். ஜன்னல் ஓரத்தில் பிரிண்டர் பளபளவென்று துடைத்து, நெற்றியில் சந்தனப் பொட்டோடு மங்களகரமாக இருந்தது. அவர் பட்டனைத் தட்டினார்.

ஒரு சத்தமும் இல்லை. அவர் தலையைச் சாய்த்துக் காத்திருந்தார்.

"அனுப்பியாச்சுன்னு சொல்லுது மேடம். செருமக்கூட இல்லையே."

நான் பிரிண்டரைத் திருப்பிப் பார்த்தேன். முதுகில் என் ஸ்டிக்கரைக் காணோம். அட்டெண்டர் அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"அண்ணா, பிரிண்டர் பின்னாடி ஒட்டி இருந்தது எங்க?"

"அதுவா மேடம்? இன்னாவோ ஒட்டிகினு இருந்துச்சி. நீங்கதான நல்லா தொடைக்கச் சொன்னீங்க, சொரண்டி எட்துட்டேன்."

"எது எந்தத் துறைன்னு எப்படித் தெரிஞ்சு திருப்பி வெச்சீங்க?"

"லைப்ரரி மிசினும் இதுவும் ஒரே மூஞ்சி மேடம். பொட்டும் ஒரே மாதிரி வெச்சிட்டாரு ஐயரு. ஒண்ணை இங்க வெச்சேன், ஒண்ணை அங்க வெச்சேன்."

பிரிண்டர்களின் முகவரி அந்தந்த இயந்திரத்தோடு போகும்படி நானே அமைத்திருந்தேன். ஆக, 'தமிழ்த் துறை ஜன்னல் ஓரம்' என்று பெயர் வைத்த இயந்திரம் இப்போது நூலக வாசலில் நிற்கிறது. கேள்வித்தாள் அங்கே, பரீட்சைக்குப் படிக்க வந்த பிள்ளைகளுக்கு நடுவில், சூடாக வெளியே வந்து கிடக்கிறது. "லைப்ரரில வந்திருக்கு சார்!" என்று சொல்லிவிட்டு ஓடினேன். "மேடம், ஒரு நிமிஷம்" என்று அவர் பின்னாலிருந்து சொன்னது காதில் விழுந்தது. நிற்கவில்லை.

முதல் நாள் பெய்த மழையில் மைதானம் சேறாகக் கிடந்தது. செருப்பு ஒரு பக்கம் இழுக்க, துப்பட்டா ஒரு பக்கம் இழுக்க, நான் ஓடியதை மூன்று மாடியிலிருந்தும் பார்த்திருப்பார்கள். எல்லாம் போயிற்று என்று நினைத்தேன். அந்த மனுஷர் கெஞ்சி வாங்கிய ஒரே வாய்ப்பு, என் வேலையில் இருந்த ஓட்டையால் போயிற்று. ஓடும்போதே அழுகை வந்துவிட்டது.

பாதி வழியில் ஒரு மாணவி எதிரே வந்தாள். கையில் ஒரு தாள்.

"மேடம், தமிழ்த் துறை எந்தப் பக்கம்? அங்க டீ வாங்கித் தருவாங்களாமே?"

தாளைப் பிடுங்காத குறையாக வாங்கினேன். பெரிய எழுத்தில் இப்படி இருந்தது: 'இந்தத் தாள் தமிழ்த் துறையில் ஜன்னல் ஓரம் வராமல் வேறெங்காவது வந்திருந்தால், கண்டெடுத்தவர் தயவுசெய்து துறைக்குக் கொண்டுவந்து கொடுக்கவும். கேன்டீனில் ஒரு டீயும் ஒரு சமோசாவும் என் செலவு.'

சேற்றில் நின்றபடி சிரித்தேன். அந்தப் பெண் கொஞ்சம் பயந்துபோய்ப் பார்த்தாள். அவளைக் கூட்டிக்கொண்டு துறைக்குத் திரும்பியபோது அவர் வாசலிலேயே நின்றிருந்தார்.

"அதைத்தான் மேடம் சொல்ல வந்தேன். நீங்க ஓடிட்டீங்க."

"என்மேல நம்பிக்கை இல்லையா சார்?" சிரிப்பு போய் வழக்கமான கோபம் எட்டிப் பார்த்தது.

"உங்கமேல இருக்கு. ஒரு வாரம் லீவுல கிடந்த மெஷின்மேல இல்ல. எந்த இடத்துலயும் ரெண்டு தடவை தட்டிப் பாக்காம நான் காலை வெச்சதே இல்ல மேடம்."

அதற்கு மேல் என்னால் கோபப்பட முடியவில்லை. வாசல்படியில் செருப்புச் சேற்றைத் தேய்த்தேன்.

அதற்குள் அட்டெண்டர் அண்ணன் வந்து சேர்ந்தார். "திரும்பியும் தூக்கணுமா மேடம்? இடுப்பு பேஜாராய்டும்." வேண்டாம் என்றேன். இந்த முறையின் அழகே அதுதான். இயந்திரம் எங்கே வேண்டுமானாலும் இருக்கட்டும், பெயர் எந்த முகவரியைக் காட்ட வேண்டும் என்பதை மாற்றினால் போதும். என் அறைக்குப் போய் இரண்டு வரியை மாற்றி எழுதினேன். தலையில் இருந்த எண்ணை மறக்காமல் கூட்டினேன். லேப்டாப்கள் பழைய பதிலைக் கொஞ்ச நேரம் ஞாபகம் வைத்திருக்கும் என்பதால், அவை மறக்கும்வரை எல்லாருமாகக் கேன்டீனில் உட்கார்ந்தோம். அந்தப் பெண் சமோசாவை இரண்டாகக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

திரும்பி வந்து அவர் அதே டீத் தாளை மறுபடி அனுப்பினார். ஜன்னல் ஓரத்தில் செருமல் கேட்டது. அவர் எழுந்து போய், வெளியே வந்த தாளை எடுத்து உள்ளங்கையில் வைத்துச் சூடு பார்த்தார். மறுபடியும் அனுப்பினார். மறுபடியும் வந்தது. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. கொஞ்சம் வெளிய நிக்கறீங்களா?"

ஒரு கணம் புரியவில்லை. அடுத்து அனுப்பப்போவது கேள்வித்தாள். வேறு கண் படக் கூடாத தாள். என் கண்ணும் வேறு கண்தான்.

வெளியே வந்தேன். அவர் உள்ளே தாழ்ப்பாள் போட்டார். என்னை வெளியே நிற்கச் சொன்ன யாரையும் நான் அதுவரை சும்மா விட்டதில்லை. அன்றைக்குக் கதவோரம் நின்று, உள்ளே பிரிண்டர் செருமுவதையும், தாள் மேல் தாளாக விழுவதையும் கேட்டுக்கொண்டிருந்தேன். இத்தனை வருஷத்தில் என் வேலை இவ்வளவு ஒழுங்காக ஓடுவதை நின்று கேட்டதே இல்லை என்று தோன்றியது.

அந்தப் பக்கம் வந்த அட்டெண்டர் அண்ணன் நின்றார். "இன்னா மேடம், உங்களையே வெளிய நிக்க வெச்சிட்டாரா?"

"ஆமாண்ணா" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

பரீட்சை முடிந்த மறுநாள் பேராசிரியர் என் அறைக்கு வந்தார். வாசலில் யாரிடமும் மூடு விசாரிக்காமல் நேராக உள்ளே வந்தார். கேள்வித்தாளில் ஆறாம் கேள்விக்கு அப்புறம் எட்டாம் கேள்வி வந்துவிட்டதாம். ஏழு எங்கே என்று பிள்ளைகள் கேட்க, துறைத் தலைவர் அவரைக் கூப்பிட்டிருக்கிறார்.

"ஐயோ! என்ன சொன்னார் சார்?" என்றேன் பதறிப்போய்.

"யார் டைப் பண்ணதுன்னு கேட்டார். நான்தான்னேன். யார் பிரிண்ட் எடுத்ததுன்னு கேட்டார். நான்தான்னேன். அப்ப இது யார் தப்புன்னு கேட்டார்." சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "என் தப்பு சார்னு சொன்னேன் மேடம். முழுக்க முழுக்க என் தப்புன்னேன்."

"அதுக்கு?"

"அடுத்த தடவை நம்பரைச் சரியா போடுங்கன்னார்."

அடுத்த தடவை என்ற வார்த்தையை அவர் இன்னொரு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.